கொதிக்கும் நீரும் கிணற்று நீரும்

கட்சிக் கல்வி வகுப்புகளில் இயக்கவியலின் விதிகள் விளக்கப்படும்போது தவறாமல் இடம்பெறும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. நீரைச் சூடேற்றினால் அதன் வெப்பநிலை சிறிது சிறிதாக உயர்கிறது. 100 டிகிரியை எட்டியதும் நீர் ஆவியாகிறது. அளவு மாற்றம் பண்பு மாற்றமாகிறது. ஆசிரியர் சொல்லி முடிப்பார், தோழர்கள் குறித்துக்கொள்வார்கள், வகுப்பு அடுத்த விதிக்குச் சென்றுவிடும். அந்த இடத்தில் யாரேனும் ஒருவர் எழுந்து, நீர் கொதிக்கத் தொடங்கிய பிறகும் அடுப்பு எரிந்துகொண்டுதானே இருக்கிறது, அந்த வெப்பமெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டால் பெரும்பாலான வகுப்புகளில் விடை கிடைப்பது அரிது.

விடை கடினமானதன்று. உறைநிலையில் உள்ள ஒரு கிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 100 கலோரி வெப்பம் போதும். கொதிநிலையை எட்டிய அந்த ஒரு கிராம் நீரை முழுவதும் ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். ஐந்து மடங்குக்கு மேற்பட்ட இந்த வெப்பம் உள்ளே செல்லும்போது வெப்பமானியின் அளவு அசைவதே இல்லை. அவ்வளவும் நீரின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் ஈர்ப்பை அறுப்பதற்கே செலவாகிறது. வெளிப்பார்வைக்கு எதுவும் நிகழாத காலத்தில் உள்ளே பெரும் மாற்றம் நடக்கிறது என்பதைவிடச் சிறந்த இயக்கவியல் பாடம் வேறென்ன இருக்க முடியும்? அதுமட்டுமன்று. 100 டிகிரி என்பது கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் மட்டுமே பொருந்தும் கணக்கு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள மூணாறில் நீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் சோறு வேக நேரம் பிடிப்பதன் காரணம் விறகின் ஈரம் மட்டுமன்று என்பது அப்போது விளங்கும். எங்கெல்ஸ் இந்த எடுத்துக்காட்டைக் கையாண்டபோது காற்றழுத்தத்தைக் குறிப்பிட மறக்கவில்லை. மறந்தவை அவருக்குப் பின்வந்த வகுப்புகளே.

பொருள்முதல்வாதத்தைத் தத்துவமாக ஏற்றுக்கொண்ட ஒருவர் பொருளின் இயல்பை அறிய முற்படாதிருப்பது முரண்பாடு. ஆயினும் இம்முரண்பாட்டுக்குத் தோழர்களைக் குறைகூறுவது நியாயமாகாது. இவ்விதழைப் படிப்பவர்களில் பலர் பத்தாம் வகுப்போடு அறிவியலுக்கு விடைகொடுத்தவர்கள். இன்னும் பலருக்கு அந்தப் பத்தாம் வகுப்பும் வாய்க்கவில்லை. கல்லூரி சென்றவர்களும் பெரும்பாலும் தமிழோ வரலாறோ வணிகவியலோ படித்தவர்கள். அறிவியல் என்பது ஆங்கிலம் அறிந்த, மேல்சாதி, நகர்ப்புறக் குடும்பத்துப் பிள்ளைகளின் சொத்து என்று ஆக்கிவைத்த கல்விமுறையின் விளைவு இது. இருபது வயதில் மூடப்பட்ட கதவை நாற்பதிலும் ஐம்பதிலும் திறக்க முடியுமா, திறக்கத்தான் வேண்டுமா என்பதே கேள்வி. விடையைத் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில் கோபாலபுரம் சோதனைச்சாவடி வரை போனால் போதும்.

கோபாலபுரத்தைக் கடந்து கேரளத்துக்குள் நுழைந்தாலும் தமிழே காதில் விழும். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி, பெருமாட்டி என்று சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி முழுவதும் தமிழ் உழவர்களும் விவசாயத் தொழிலாளர்களும் பழங்குடி மக்களும் வாழும் மண். கேரளம் என்றவுடன் நினைவுக்கு வரும் மழை இங்கே குறைவு. மாநிலத்தின் சராசரி ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டர் அளவில் இருக்க, பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் உள்ள இப்பகுதிக்கு அதில் ஒரு பகுதிதான் கிடைக்கிறது. அடியில் இருப்பதோ கடினப் பாறை. நீர் தேங்குவது அதன் விரிசல்களில் மட்டுமே. இத்தகைய நிலத்தில், பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில், 2000ஆம் ஆண்டில் கோகோ கோலா நிறுவனம் ஆலை தொடங்கியது.

அதன் பின் நிகழ்ந்தவை அரசியல் வரலாறாகப் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலில் போராட்டம் தொடங்கியது. 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்று உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அதே வரலாற்றை வயதுவந்தோரின் அறிவியல் கல்வியின் வரலாறாகவும் படிக்கலாம் என்பதைத்தான் யாரும் அதிகம் சொல்வதில்லை.

அந்தக் கல்வியின் முதல் மாணவர்கள் பெண்கள். கிணற்றுநீரின் சுவை மாறியதை, சோறும் பருப்பும் முன்போல் வேகாததை, சோப்பு நுரைக்க மறுத்ததை முதலில் கண்டவர்கள் அவர்களே. போராட்டத்தின் முகமாக விளங்கி 2007 ஜனவரியில் மறைந்த மயிலம்மா இரவாளர் பழங்குடியைச் சேர்ந்தவர். வேதியியல் படித்தவர் அல்லர். ஆனால் அப்பெண்கள் சொன்ன அறிகுறிகள் மூன்றும் வேதியியல் நூல்கள் கடின நீருக்குச் சொல்லும் அறிகுறிகள். நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகும்போது அவை சோப்போடு வினைபுரிந்து கரையாத திரளாகப் படிகின்றன. நுரைக்க வேண்டிய சோப்பு அதிலேயே வீணாகிறது. பருப்பின் தோலில் உள்ள பெக்டின் என்னும் பொருளோடு கால்சியம் சேர்ந்து அதை இறுக்கிவிடுவதால் பருப்பு வேகாமல் நிற்கிறது. சமையலறையில் நடந்த சோதனைக்குச் சோதனைக்கூடம் பின்னர்ப் பெயர் சூட்டியது, அவ்வளவே. அனுபவம் பொய் சொல்லவில்லை. எனினும் அனுபவம் மட்டும் நீதிமன்றம் வரை செல்வதில்லை. ஒரு லிட்டர் நீரில் கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாவிடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தம் கிணற்றின் அளவு அதில் எங்கே நிற்கிறது என்று சொல்லத் தெரிந்தபோதுதான் ஊர்ப்பெண்களின் முறையீட்டை வதந்தி என்று தள்ளுவது அதிகாரிகளுக்கு இயலாமல் போகும்.

சுவையாலும் நுரையாலும் அறிய முடியாதவையும் உண்டு என்பதே அடுத்த பாடம். ஆலையின் திடக்கழிவு சுற்றுவட்டார உழவர்களுக்கு எருவென்று வழங்கப்பட்டது. இட்டவர்களின் கண்ணுக்கு அது எரு. 2003 ஜூலையில் பிபிசி வானொலி அந்தக் கழிவை இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யவைத்தபோது அதில் காட்மியமும் ஈயமும் இருப்பது தெரியவந்தது. பின்னர் கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் காட்மியம் இருப்பதை உறுதி செய்தது. காட்மியத்துக்கு நிறமோ மணமோ சுவையோ காட்டிக்கொடுக்காது. உடலுக்குள் சென்றால் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கும். எலும்பை நலிவடையச் செய்யும். ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவு கலந்த நீரால் விளைந்த நெல்லை உண்ட உழவர் குடும்பங்களில், குறிப்பாகப் பெண்களிடம், எலும்புகள் முறியும் அளவுக்கு நோய் முற்றிய பிறகே காரணம் காட்மியம் என்று அந்நாட்டு அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. குடிநீரில் காட்மியத்தின் வரம்பு லிட்டருக்கு 0.003 மில்லிகிராம். இந்தப் புள்ளிக்குப் பின் எத்தனை சுழியம் என்பதில் ஒரு தலைமுறையின் சிறுநீரகம் அடங்கியிருக்கிறது. தசமப் புள்ளியைக் கண்டு அஞ்சும் தோழர் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டும் கையறு நிலையில்தான் நிற்பார்.

இங்கே கணக்கு பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். அறிவியல் என்றவுடன் வயதுவந்தோர் பின்வாங்குவது பெரும்பாலும் கணக்கைக் கண்டுதான். ஆனால் தேவைப்படும் கணக்கு ஐந்தாம் வகுப்பைத் தாண்டுவதில்லை.

தனி நீதிபதியின் தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீட்டில் உயர்நீதிமன்ற ஆயம் 2005 ஏப்ரலில் வல்லுநர் அறிக்கையின் அடிப்படையில் ஆலை நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் நிலத்தடி நீர் எடுக்கலாம் என்றது. ஆலை வளாகத்தின் பரப்பு சுமார் 34 ஏக்கர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். இந்த ஒன்றை மட்டும் மனத்தில் கொண்டால் போதும். ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஆகவே 34 ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,37,600 லிட்டர் கிடைக்கும். நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் என்றால் ஆண்டுக்கு 18 கோடியே 25 லட்சம் லிட்டர். ஒன்றை மற்றதால் வகுத்தால் 1,326 மில்லிமீட்டர் வருகிறது. அதாவது, ஆலை தன் நிலத்தில் பெய்யும் மழையிலிருந்தே இந்த நீரை ஈடுசெய்ய வேண்டுமானால் அங்கே ஆண்டுக்கு 1,326 மில்லிமீட்டர் மழை பெய்ய வேண்டும். அதில் ஒரு துளிகூட ஆவியாகாமல், ஓடாமல், வேரால் உறிஞ்சப்படாமல் முழுவதும் நிலத்தடிக்கு இறங்க வேண்டும். கடினப் பாறைப் பகுதிகளில் இறங்குவது மழையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே. ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் இறங்குவது 100 மில்லிமீட்டர். ஏக்கருக்கு 4 லட்சம் லிட்டர். 18 கோடியே 25 லட்சம் லிட்டருக்குச் சுமார் 450 ஏக்கர் நிலத்தில் இறங்கும் நீர் வேண்டும். கையில் இருப்பது 34 ஏக்கர். எஞ்சிய 416 ஏக்கர் யாருடையவை? நிலத்தடி நீர் வேலிக்குக் கட்டுப்படாது. ஆழ்துளைக் கிணற்றில் நீர் எடுக்க எடுக்கச் சுற்றியுள்ள நீர்மட்டம் அதை நோக்கிச் சரியும். அந்த 416 ஏக்கர் அண்டை உழவர்களுடையவை, பழங்குடிக் குடியிருப்புகளுடையவை.

இது ஓர் அஞ்சலட்டையின் பின்புறத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. நீரியல் வல்லுநர் இதைவிடப் பல நுணுக்கங்களைச் சேர்ப்பார், சேர்க்கவும் வேண்டும். ஆனால் வல்லுநரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்கு இது போதும். தமது நிலத்தடி நீரைப் பற்றிய வழக்கில் மக்கள் சாட்சிகளாக மட்டும் நிற்காமல் வாதிகளாக நிற்பதற்கு இதுவே தொடக்கம்.

அறிவியலைக் கற்பதன் பயன் ஏற்கெனவே நம்பும் முழக்கங்களுக்கு எண்களைத் தேடித் தருவது அன்று என்பதையும் இதே ஊரின் கணக்கு காட்டும். கோபாலபுரத்துச் சிறு தேநீர்க்கடையிலும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் பேசப்படும். அதன்படி கேரளத்தின் சித்தூர்ப்புழைக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தரப்பட வேண்டும் என்பது அங்கே சிறுவர்களும் அறிந்த எண். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். 7.25 டிஎம்சி என்பது 20,500 கோடி லிட்டர். இதனோடு ஒப்பிட்டால் ஆலைக்கு அனுமதிக்கப்பட்ட 18 கோடி லிட்டர் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர் இந்த எண்ணைக் காட்டி, இவ்வளவு சிறிய அளவுக்கா இத்தனை கூச்சல் என்று கேட்டால் முழக்கம் மட்டும் அறிந்தவர் திகைப்பார். ஆற்றில் ஓடும் நீரும் பாறை விரிசலில் தேங்கிய நீரும் ஒரே கணக்கில் அடங்குபவை அல்ல, கால்வாயின் கடைமடையில் இருப்பவரின் குடத்தை ஆற்றின் மொத்த அளவு நிரப்பாது, எவ்வளவு என்பதோடு எங்கே, எப்போது என்பனவும் சேர்ந்தே கேள்வி ஆகும் என்று விளக்கக் கற்றிருக்க வேண்டும். எண் எதிரியின் கையிலும் ஆயுதமாகும். அதைக் கற்காதவருக்கே அது ஆபத்து.

பிளாச்சிமடையில் மீண்டும் ஆலை தொடங்கும் எண்ணமில்லை என்று நிறுவனம் 2017இல் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்துவிட்டது. உயர்நிலைக் குழு 2010இல் மதிப்பிட்ட 216 கோடி ரூபாய் இழப்பீடோ இன்னும் மக்களைச் சென்றடையவில்லை. இதற்கிடையே அதே மாவட்டத்தின் எலப்புள்ளியில் மதுபான ஆலைக்கு 2025 ஜனவரியில் மாநில அமைச்சரவை முதற்கட்ட அனுமதி அளித்தபோது எழுந்த முதல் கேள்வி நீர் பற்றியதே. வந்த விடைகளில் ஒன்று மழைநீரைச் சேகரிப்போம் என்பது. இத்தனை ஏக்கர், இத்தனை மில்லிமீட்டர், இத்தனை லிட்டர் என்ற மூன்றையும் கேட்டுப் பெருக்கிப் பார்க்கும் ஆற்றல் ஒவ்வொரு கிளையிலும் ஒருவருக்கேனும் இருந்தால் அந்த விடையின் தரம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆலை வேண்டும் என்பவர் தோழராயினும் வேண்டாம் என்பவர் தோழராயினும் அந்தப் பத்து நிமிடம் இருவருக்கும் தேவை.

அளந்து பார்ப்பது சோதனைக்கூடம் உள்ளவர்களுக்கே உரியது என்ற எண்ணத்தை வயநாடு உடைத்துக் காட்டியிருக்கிறது. அங்குள்ள ஹியூம் சூழலியல் மையம் 200க்கு மேற்பட்ட மழைமானிகளை மாவட்டமெங்கும் பரப்பி, உள்ளூர் மக்களைக் கொண்டே நாள்தோறும் அளவெடுத்து வந்தது. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு அழிப்பதற்கு முன்பே, 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் மழை பதிவானதை வைத்து அந்த மையம் எச்சரித்தது. எச்சரிக்கையை ஆட்சியமைப்பு எவ்வாறு கையாண்டது என்பது வேறு விவாதம். மழைமானி என்பது ஓர் உருளையும் புனலும் அளவுகோலும்தான். 2020 ஆகஸ்டு 6 இரவில் இடுக்கி மாவட்டம் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயன்களோடு புதைந்துபோன 70 பேரும் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். தோட்டம்தோறும் தொழிற்சங்கம் உண்டு. சங்க அலுவலகம்தோறும் ஒரு மழைமானியும் அதைப் படித்துப் பதிவேட்டில் எழுதும் ஒருவரும் இருப்பதற்குப் பெருஞ்செலவோ பட்டப்படிப்போ தேவையில்லை.

இடதுசாரி இயக்கத்துக்கு இது புதிய வேலையும் அன்று. மான்செஸ்டரின் வணிக அலுவலகத்திலிருந்து விடுபட்டு 1870இல் லண்டனில் குடியேறியபோது எங்கெல்சுக்கு வயது ஏறத்தாழ ஐம்பது. அதன்பின் எட்டு ஆண்டுகளின் பெரும்பகுதியைக் கணிதத்தையும் இயற்கை அறிவியலையும் முறையாகக் கற்பதில் செலவிட்டார். உயிரியலில் உலகப் புகழ்பெற்ற ஜே.பி.எஸ். ஹால்டேன் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டம் கிரேக்க, லத்தீன் இலக்கியங்களிலும் தத்துவத்திலுமே. அறிவியல் பட்டம் அவரிடம் இல்லை. பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளேடான டெய்லி ஒர்க்கரில் தொழிலாளர்களுக்கென்று முந்நூறுக்கும் மேற்பட்ட அறிவியல் கட்டுரைகளை எழுதிய அவர் இறுதிக் காலத்தில் இந்தியாவுக்கே வந்து புவனேஸ்வரத்தில் மறைந்தார்.

தமிழகத்துக்கோ சிங்காரவேலர் இருக்கிறார். 1923இல் சென்னைக் கடற்கரையில் செங்கொடியேற்றி மேதினம் கொண்டாடியவர், 1925இல் கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் என்று அவரை நினைவுகூர்வோர் பலர். அவர் தொழிலால் வழக்கறிஞர் என்பதையும், எழுபது வயதைக் கடந்த பிறகு குடியரசு இதழிலும் 1935இல் தாமே தொடங்கிய புது உலகம் இதழிலும் அண்டத்தின் தோற்றம், உயிர்களின் பரிணாமம், ஐன்ஸ்டீனின் சார்பியல் ஆகியவற்றைத் தமிழில் எழுதினார் என்பதையும் நினைப்போர் குறைவு. கலைச்சொல் அகராதி கையில் இல்லாத காலம் அது. சொல்லைத் தேடிப் பொருளை விளக்கினாரா, பொருளை விளக்கப்போய்ச் சொல்லைக் கண்டாரா என்று பிரித்துச் சொல்ல முடியாத உரைநடை அவருடையது. வடசொல் மிகுதி என்று இன்றைய புலவர் ஒருவர் முகம் சுளிக்கலாம். மீனவர் குப்பத்துக்கு அருகில் அமர்ந்து நட்சத்திரங்களின் தூரத்தை விளக்கிய துணிவுக்கு முன்னால் அந்தக் குறை பெரிதன்று.

சொல்லைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கலைச்சொல் சரியாக அமையாவிட்டால் அரசியலும் வழிதவறும். கடின நீர் வேறு, கனநீர் வேறு. முன்னது பிளாச்சிமடைக் கிணற்றில் இருப்பது. பின்னது அணு உலையில் பயன்படுவது. துண்டறிக்கைகளில் இவ்விரண்டும் இடம் மாறுவது அரிதன்று. விசை, ஆற்றல், திறன் என்ற மூன்றும் பேச்சுத் தமிழில் ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்கும், இயற்பியலில் நிற்கா. மெகாவாட் என்பது திறன், யூனிட் என்பது ஆற்றல். 1,000 மெகாவாட் நிலையம் நாள் முழுவதும் முழுத் திறனில் ஓடினால் 2 கோடியே 40 லட்சம் யூனிட் கிடைக்கும் என்ற ஒரு வரியை அறியாமலே மின்கட்டண உயர்வை எதிர்த்து எத்தனையோ தெருமுனைக் கூட்டங்கள் நடந்து முடிகின்றன. பாலக்காடு மாவட்டத்தின் சைலன்ட்வேலி நீர்மின் திட்டத்தைப் பற்றி 1970களின் இறுதியில் இடதுசாரிகளுக்குள்ளேயே கடும் கருத்து வேறுபாடு எழுந்தபோது, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் செய்தது இந்த வேலையைத்தான். காடு அழகானது என்று சொல்வதோடு நிற்காமல், திட்டம் தரும் மின்சாரம் எவ்வளவு, அதை வேறு வழியில் பெற முடியுமா என்று பொறியாளரும் பொருளியலாளரும் உயிரியலாளரும் கூடிக் கணக்கிட்டு 1979இல் மக்கள்முன் வைத்தார்கள். ஊர்தோறும் அதை விளக்கியவர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள்.

எல்லையோரத் தமிழருக்கு மொழி மற்றொரு மதில். ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. ஊராட்சியின் அறிவிப்பு மலையாளத்தில் வருகிறது. வீட்டில் பேசுவது தமிழ். எனினும் கைக்கெட்டும் கருவிகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களை எவரும் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம்; கேரள அரசும் தமிழ்வழிப் பள்ளிகளுக்கெனத் தமிழிலேயே பாடநூல் வெளியிடுகிறது. 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் துளிர் இதழைச் சிறுவர்களுக்கென்று நடத்துகிறது. பெரியவர்கள் படித்தால் யாரும் தடுக்கப்போவதில்லை. ஆறாம் வகுப்பு அறிவியல் நூலின் முதல் பாடம் அளவீடுகள். அங்கிருந்து தொடங்கிப் பத்தாம் வகுப்பு வரையிலான ஐந்து நூல்களையும் ஒருவர் ஓராண்டில் முடித்துவிடலாம். வீட்டில் எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் இருந்தால் ஆசிரியரும் கிடைத்துவிட்டார்.

உண்மையான தடை அங்கேதான் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் கிளையை நடத்தியவர், போராட்டங்களில் சிறை சென்றவர், மேடையில் ஏறினால் ஒரு மணி நேரம் பேசக்கூடியவர், அணு என்பது என்ன என்று பதின்மூன்று வயதுச் சிறுமியிடம் கேட்பதற்குக் கூசுகிறார். கூட்டத்தில் கேட்பதற்கு இன்னும் கூசுகிறார். கேட்காமலே தலையசைக்கும் வழக்கம் கிளைக் கூட்டங்களில் வேரூன்றியிருப்பதால் புரியாத அறிக்கைகள் ஒருமனதாக நிறைவேறுகின்றன. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்புகளில் பேரனின் சிலேட்டைப் பிடித்து அகரம் எழுதிய கிழவிகளுக்கு இந்தக் கூச்சம் இருக்கவில்லை என்பதைத் தோழர்கள் எண்ணிப் பார்க்கலாம். அறிவியலில் விளங்கவில்லை என்று சொல்வது இழிவன்று; ஆய்வின் முதல் படியே அதுதான்.

எதிர்த்தரப்போ கூச்சமின்றிச் செயல்படுகிறது. 2023இல் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு நூலிலிருந்து டார்வினின் பரிணாமக் கோட்பாட்டையும் தனிம வரிசை அட்டவணையையும் நீக்கியது. 1,800க்கு மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் பரிணாமப் பாடத்தின் நீக்கத்தை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். மேல்வகுப்பில் அறிவியல் எடுப்போர் அவற்றைப் படிப்பார்களே என்பது தரப்பட்ட சமாதானம். பத்தாம் வகுப்போடு அறிவியலை விடுபவர்களோ ஏராளம். நாளைய தொழிலாளர்களில் பெரும்பாலோர் அவர்களே. மனிதன் எவ்வாறு தோன்றினான் என்பதைப் பள்ளி அவர்களுக்குச் சொல்லாது. யானைமுகக் கடவுளைப் பழங்கால அறுவை மருத்துவத்தின் சான்றாகப் பிரதமரே 2014இல் மருத்துவர் கூட்டத்தில் பேசிய நாட்டில் அந்த இடம் வெறுமையாக இருக்கப்போவதில்லை. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட பிரிவை மேற்கோள் காட்டுவதால் மட்டும் இதை எதிர்கொள்ள முடியாது. மூடநம்பிக்கையை எதிர்ப்பவர் பரிணாமத்தை மூன்று வாக்கியங்களில் விளக்க இயலாதவராக இருந்தால், அவருடைய பகுத்தறிவும் ஒருவகை நம்பிக்கையாகவே கேட்போர் காதில் விழும். குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்றைய குரங்குகள் ஏன் மாறவில்லை என்ற கேள்வி எந்தத் தேநீர்க்கடையிலும் வரும். மனிதனும் இன்றைய குரங்கும் ஒரே மூதாதையிடமிருந்து கிளைபிரிந்தவர்கள், ஒன்று மற்றொன்றாக மாறவில்லை என்ற விடைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அதைப் படித்திருக்க வேண்டும்.

கட்சிக் கிளைகள் மாதத்தில் ஒரு கூட்டத்தின் முதல் அரைமணி நேரத்தை இதற்கென ஒதுக்குவது நடைமுறைக்கு ஒத்தது. அறிவியல் ஆசிரியர் ஒருவரைத் தேடி அழைத்து உரையாற்ற வைப்பதைவிட, பாடநூலின் ஒரு பாடத்தை முறைவைத்து ஒவ்வொரு தோழரும் படித்துவந்து சொல்வது நல்லது. சொல்லிக்கொடுக்க வேண்டியவருக்கே பாடம் முழுமையாக விளங்கும். ஆசிரியர் இருந்தால் அவர் பின்வரிசையில் அமர்ந்து தவறைத் திருத்தட்டும். சித்தூர் வட்டக் கிளைகள் பாடநூலோடு தத்தம் ஊராட்சியின் நிலத்தடி நீர் பற்றிய அறிக்கையையும் கேட்டுப் பெற்றுச் சேர்த்துப் படிக்கலாம். இடுக்கித் தோட்டக் கிளைகளுக்கு மழைப் பதிவேடு இருக்கிறது. அந்த அறிக்கை மலையாளத்தில் இருக்கும். கிளையில் மலையாளம் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் உரக்கப் படிக்க, கணக்குத் தெரிந்த கடைக்காரத் தோழர் எண்களைக் கரும்பலகையில் எழுத, அந்த ஊரின் கிணறுகள் எந்த ஆண்டில் எவ்வளவு ஆழத்துக்குப் போயின என்பதை நினைவிலிருந்து சொல்ல மூத்த விவசாயத் தொழிலாளி ஒருவர் அருகில் இருந்தால் வகுப்பைத் தொடங்கிவிடலாம்.